பதினைந்து வோல்ட் என்றுதான் நீ எழுதியிருந்தாய்

அன்புள்ள தம்பிக்கு,

இந்த வாரத்தில் மூன்று முறை உன்னைப் போனில் கூப்பிட்டேன். மூன்று முறையும் சாப்பாட்டையும் பெங்களூரு மழையையும் விசாரித்துவிட்டு வைத்துவிட்டேன். மூன்றாவது முறை நீயே, "என்னாப்பா, சுகர் ஏறிப்போச்சா?" என்று கேட்டாய். சுகர் இருக்கிற இடத்தில்தான் இருக்கிறது. வாயால் சொல்ல வராத ஒன்றைக் கையால் எழுதிப் பார்க்கிறேன். உன் கல்யாணத்துக்கு இன்னும் பதினெட்டு நாள் இருக்கிறது. நான் செய்த ஒரு தப்பை உன் தலையில் தூக்கி வைத்துவிட்டேன். அது உன் மாமனாராகப் போகிறவர் வீட்டு வாசல்வரை போய்விட்டது. விஷயம் இவ்வளவுதான். மீதியெல்லாம் இதை எவ்வளவு பாடுபட்டுச் சொதப்பினேன் என்கிற விளக்கம்.

கவரில் போட்டு ஒட்டாமல் நாலு பேர் படிக்கும்படி எழுதுவதற்கும் காரணம் இருக்கிறது. உன் பேரை நான் ரகசியமாகக் கெடுக்கவில்லை. சிதம்பரத்தில் நம் எலக்ட்ரானிக்ஸ் ரிப்பேர் கடை வாசலில், பழுது பார்க்க வந்தவர்கள், பக்கத்துக் கடைக்காரர், டீ கொண்டுவந்தவர் எல்லாரும் கேட்கத்தான் கெடுத்தேன். ஆகவே இதன் நகல் ஒன்று கடைச் சுவரில் ஒட்டப்படும். இன்னொன்று நம் மெக்கானிக்குகளின் வாட்ஸப் குழுவில் போகும். அந்தக் குழுவில் இதுவரை ரோஜாப்பூவும் காலை வணக்கமும் தவிர வேறொன்றும் வந்ததில்லை. அவர்களுக்கும் ஒரு மாறுதலாக இருக்கட்டும். நடுநடுவே உனக்குத் தெரிந்ததையே விளக்குகிறேன் என்றால் அது அவர்களுக்காக. நீ பொறுத்துக்கொள்.

நிச்சயதார்த்தம் முடிந்த மறுவாரம் சம்பந்தி என்னிடம் ஒரு உதவி கேட்டார். கடலூரில் அவருடைய விசைப்படகில் வயர்லெஸுக்கும் ஜிபிஎஸ்ஸுக்கும் பேட்டரியிலிருந்து நேராக வயர் இழுத்திருந்தார்கள். எஞ்சின் ஓடும்போது அடிக்கடி ஏதாவது ஒன்று செத்துப்போகிறது, பாதுகாப்புக்கு நடுவில் ஒரு பெட்டி வைக்க முடியுமா என்று கேட்டார். எலக்ட்ரானிக்ஸ் படித்தவன் நீதானே என்று உன்னிடம் சொன்னேன். நீ ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் உட்கார்ந்து படம் வரைந்து அனுப்பினாய். அதில் பேட்டரி வயர் உள்ளே நுழைகிற இடத்தில் வோல்ட் திடீரென்று எகிறினால் தடுக்கிற ஒரு சர்ஜ் டயோடு, பக்கத்தில் உன் கையெழுத்தில், "15 வோல்ட், பெரிய உடம்பு, மாற்ற வேண்டாம்" என்று எழுதியிருந்தாய். "மாற்ற வேண்டாம்" என்பதன் அடியில் கோடு வேறு போட்டிருந்தாய். அப்பனை நன்றாகத் தெரிந்து வைத்திருக்கிறாய்.

அந்த டயோடுகளை நீயே கூரியரில் அனுப்பியிருந்தாய். அது வர இரண்டு நாள் தாமதம். ஆனால் நானோ வெள்ளிக்கிழமை பெட்டியோடு வருகிறேன் என்று சம்பந்தியிடம் மார்தட்டியிருந்தேன். முப்பது வருடம் கடை வைத்திருப்பவன் கூரியருக்காகக் காத்திருப்பதா? டப்பாவைத் திறந்தேன். சோலார் வேலைக்கு வாங்கியதில் மிச்சம், இருபத்து நாலு வோல்ட் டயோடு நாலைந்து கிடந்தது. அதே பெரிய உடம்பு. பதினைந்து தாங்குவதைவிட இருபத்து நாலு தாங்குவது நல்லதுதானே என்று எடுத்துப் போட்டேன். நீ போனில் கேட்டபோது, "போட்டாச்சுப்பா" என்றேன். எதைப் போட்டேன் என்று நீ கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. உன் கூரியர் மறுநாள் வந்தது. அந்தக் கவரைப் பிரிக்காமலே மேசை டிராயரில் போட்டேன். சூட்டோடு சூடாக அதே மாதிரி இன்னொரு பெட்டி செய்து பரங்கிப்பேட்டை பாய்க்கும் கொடுத்தேன். உனக்கு அவரைத் தெரியும், மீன்பிடித் தடைக்காலத்திலும் கடலுக்குப் போக அனுமதியுள்ள சின்ன ஃபைபர் படகு வைத்திருப்பவர், பதினைந்து வருடமாக நம் கடையைத் தவிர வேறு கடையில் ரேடியோவைத் திறக்கவிடாதவர்.

ஒரு அளவு பெரிதாக எடுத்தால் பாதுகாப்பு என்கிற வியாதி நம் குடும்பத்துக்குப் புதிதல்ல. ஆறாம் வகுப்பில் உனக்கு அம்மா எடுத்த யூனிஃபார்ம் சட்டையில் பாக்கெட் உன் வயிற்றுக்கு வந்தது. பேனாவை எடுக்க நீ குனிய வேண்டியிருந்தது. ஆனால் என் வியாதிக்கு அம்மாமேல் பழி போட முடியாது. அது காட்டுமன்னார்கோயில் ரைஸ் மில்லில் பிடித்தது. அங்கே எடை மிஷினுக்குப் பன்னிரண்டு வோல்ட் பேட்டரி. நானும் சமர்த்தாகப் பன்னிரண்டு வோல்ட் டயோடு போட்டேன். நாலே நாளில் மில்காரர் போன் செய்தார். "மெஷின்லேர்ந்து பொரி வறுக்குற வாசன வருதுங்க. நாங்க இங்க நெல்லுதான் அரைக்கிறோம், பொரி போடல." பன்னிரண்டு வோல்ட் பேட்டரி என்பது பேருக்குத்தான் பன்னிரண்டு. சார்ஜ் ஏறும்போது பதினாலரை வரை போகும். என் டயோடு பதிமூன்றரையிலேயே விழித்துக்கொண்டு, ஆபத்து இல்லாதபோதும் ஆபத்து என்று நாளெல்லாம் மின்சாரத்தைத் தரைக்கு இறைத்து, தானும் வெந்து, ஃபியூஸையும் கொண்டுபோனது. அன்றிலிருந்து கெட்டியான டயோடாகப் போடுவது என்று முடிவுசெய்தேன். ஒரு பக்கம் விழுந்து அடிபட்டவன் மறுபக்கம் போய் விழுந்தேன்.

குழுவில் இருப்பவர்களே, இந்த இடத்தில் கொஞ்சம் நின்று படியுங்கள். இந்த டயோடு பாசிட்டிவுக்கும் தரைக்கும் குறுக்கே சும்மா நிற்கிற ஆள். வோல்ட் அளவோடு இருக்கும்வரை அதற்கு வேலை இல்லை. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது பேட்டரி டெர்மினல் கழன்றால், பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுகிற ஆல்டர்னேட்டரின் வோல்ட் மொத்தமும் எகிறும். அப்போது இது வழியைத் திறந்து அந்த வெள்ளத்தைத் தரைக்குத் தள்ள வேண்டும். அதன் தாளில் மூன்று எண்கள் இருக்கும். எதுவரை அது தூங்கும், எங்கே விழிக்கும், விழித்தபிறகும் வெள்ளம் முழுவேகத்தில் வரும்போது எதுவரை ஏறவிடும். பெரும்பாலோர் முதல் எண்ணைத்தான் பார்க்கிறோம், கடைக்காரரிடம் கேட்பதும் அதைத்தான். உயிரை எடுப்பது மூன்றாவது எண். பதினைந்து வோல்ட் டயோடு எவ்வளவு மோசமான வெள்ளத்திலும் ஏறத்தாழ இருபத்து நாலரைக்குமேல் ஏறவிடாது. இருபத்து நாலு வோல்ட் டயோடு முப்பத்தொன்பது வரை ஏறவிடும். நம் பெட்டிக்குள் இருந்த, வோல்ட்டைச் சீராக்கிக் கொடுக்கிற ஐசி முப்பதுக்குமேல் தாங்காது. ஆகவே சார்ஜ் ஏறும்போது வருகிற உச்சத்துக்கு மேலே முதல் எண், ஐசி தாங்குகிற எல்லைக்குக் கீழே மூன்றாவது எண், இரண்டுக்கும் நடுவில் உட்கார்கிற டயோடுதான் வேண்டும். இதைத்தான் இந்தப் பையன் ஒரே வரியில் எழுதிக் கோடும் போட்டிருந்தான்.

இனி உன்னிடம் வருகிறேன். போன வாரம் செவ்வாய்க்கிழமை பாய் பெட்டியைத் துணியில் சுற்றி எடுத்து வந்தார். கரையிலிருந்து வெகுதூரத்தில் டெர்மினல் கழன்றிருக்கிறது. அடுத்த நொடி வயர்லெஸும் ஜிபிஎஸ்ஸும் சேர்ந்து அணைந்துவிட்டன. படகில் மூன்று பேர். சாயங்கால வெயில் நேரம் என்பதால் சூரியனைப் பார்த்துத் திசைபிடித்து வந்திருக்கிறார்கள். "வானம் மூடாக்கா இருந்திருந்தா எங்க போயிருப்போம்னே தெரியல அண்ணே," என்றார். கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. நான் பெட்டியைத் திறந்தேன். ஐசியின் முதுகில் கடுகளவு ஓட்டை. மீட்டரை வைத்து டயோடைப் பார்த்தேன். அது பளிங்கு மாதிரி இருந்தது, ஒரு கீறல் இல்லை. காக்க வேண்டியது செத்துக் கிடக்கிறது, காவல்காரன் தலை கலையாமல் நிற்கிறான். இதே காவல்காரன் கடலூரில் உன் மாமனார் படகிலும் நிற்கிறான். விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடைக்காலம் முடிந்து இந்தப் புதன்கிழமை அவர் கடலுக்குப் போக இருந்தார்.

அந்த நேரத்தில்தான் பாய், "இந்த பெட்டிய யாருண்ணே வரஞ்சது?" என்று கேட்டார். அவர் சாதாரணமாகக் கேட்டார். வாசலில் நாலைந்து பேர் நின்றார்கள். நான், "பையன்தான் பாய் வரஞ்சு அனுப்புனான்," என்றேன்.

பொய் என்று ஒரு சொல்லையும் அதில் பிடிக்க முடியாது. நீதானே வரைந்தாய். பாய், "படிக்கிற எடத்துல கடல காட்டமாட்டாங்கள்ல, பாவம்," என்று உனக்காக வருத்தப்பட்டுவிட்டுப் போனார். பக்கத்துக் கடைக்காரர், "படிப்பு வேற, தொழில் வேறண்ணே," என்று ஆறுதல் சொன்னார். நான் தலையை ஆட்டினேன். அந்த ஆட்டலை நினைத்தால்தான் இப்போது கூசுகிறது.

இது முதல் தடவையும் இல்லை. உனக்கு ஒன்பது வயதிருக்கும்போது, மாடிவீட்டு ஆசிரியரின் டிவியை நான் கெடுத்துவிட்டு, "பையன் கை வச்சுட்டான் சார்," என்றேன். நீ ஸ்டூலில் உட்கார்ந்து என்னைப் பார்த்தாய். அவர் உன் காதைத் திருகினார். அன்று மாலை உனக்குப் பரோட்டா வாங்கிக் கொடுத்தேன். நீ சாப்பிட்டாய். அதன்பிறகு இத்தனை வருடத்தில் நீ அதைப்பற்றி ஒருமுறைகூடப் பேசியதில்லை. மறந்துவிட்டாய் என்று நான் நம்பிவந்தேன். நீ படத்தில் போட்ட அந்தக் கோட்டைப் பார்க்கும்போது அந்த நம்பிக்கையும் போய்விட்டது.

மீன் வியாபாரத்தில் செய்திக்கு ஐஸ் போட்டு வைக்கும் பழக்கம் கிடையாது. பரங்கிப்பேட்டையில் சொன்னது மறுநாள் காலை கடலூர் ஏலத்தில் போய் இறங்கியது. வியாழக்கிழமை சம்பந்தி போன் செய்தார். மண்டபம், பந்தல், சாம்பார் எல்லாம் பேசிவிட்டுக் கடைசியில், "மாப்ளைக்கு வேலையெல்லாம் நல்லபடியா போவுதுல்ல?" என்று கேட்டார். ரொம்ப நன்றாகப் போகிறது என்றேன். "சரி, சரி," என்றார். அந்த இரண்டாவது "சரி"யில் நான் மூன்று நாள் தூங்கவில்லை. அம்மாவிடம் சொல்லலாம் என்று பார்த்தால், அவள் தாம்பூலப் பைகளை எண்ணிக்கொண்டிருந்தாள். குறுக்கே பேசினால் மறுபடி முதலிலிருந்து எண்ணுவாள் என்று எனக்கு நானே ஒரு நொண்டிச்சாக்கு சொல்லிக்கொண்டேன்.

இந்த வாரம் செவ்வாய்க்கிழமை காலை டிராயரைத் திறந்து உன் கவரைப் பிரித்தேன். பத்து டயோடு. ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பஞ்சில் பொதிந்து வைத்திருந்தாய். எடுத்துக்கொண்டு கடலூர் பஸ் ஏறினேன். பேட்டரியில் மாட்டுகிற சால்டரிங் அயர்னை ஒரு மஞ்சள் பையில் வைத்து, மேலே வெற்றிலை பாக்கு வைத்து மூடியிருந்தேன். திருடன்கூட இவ்வளவு மங்களகரமாகக் கிளம்ப மாட்டான். துறைமுகத்தில் தடைக்காலம் முடிகிற பரபரப்பு. படகில் ஐஸ் இறங்கிக்கொண்டிருந்தது. சம்பந்தி மேலே நின்று என்னைப் பார்த்துவிட்டார்.

"வாங்க சம்பந்தி. என்னா, பத்திரிக வைக்க வந்தீங்களா?"

"அது நல்ல நாள் பாத்து வூட்டுக்கு வரோம். சும்மா இந்தப் பக்கம் வந்தேன். அந்தப் பெட்டிய ஒரு சர்வீஸ் பண்ணிட்டுப் போயிடலாம்னு."

"மாட்டி ரெண்டு மாசம்கூட ஆவல. அதுவும் படகு கரையிலயே கெடந்துது. அதுக்கு என்னா சர்வீஸ்?"

"சும்மா துடைச்சு வுடுறதுதான்."

அவர் சிரிக்கவில்லை. எஞ்சின் பக்கமாக என்னை அழைத்துப்போய், குரலைத் தாழ்த்திக்கொண்டார். "சம்பந்தி, பரங்கிப்பேட்ட விஷயம் எனக்குத் தெரியும். மாப்ள கணக்குல ஏதோ தப்பு வுட்டுட்டார்னு சொன்னாங்க. நான் ஒண்ணும் பெருசா எடுத்துக்கல. புள்ளைங்க தப்பு பண்றதுதான். ஆனா எங்க வூட்டுல பொம்பளைங்க வேற மாதிரி பேசுதுங்க. எம்பொண்ணு அவுங்கம்மாகூட சண்ட போட்டுட்டு ரெண்டு நாளா சரியா சாப்புடல. அவர் அப்படி அசால்ட்டா செய்ற ஆள் இல்லன்னு சொல்லிக்கிட்டே இருக்கு."

தம்பி, அங்கேயே நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பெட்டியைக் கழற்றினேன். பழைய டயோடைப் பிடுங்கினேன். புதியதன் வெள்ளைக் கோடு பாசிட்டிவ் பக்கம்தானா என்று மூன்று முறை பார்த்தேன். டயோடின் கம்பிக் காலை எவ்வளவு குட்டையாக வெட்ட முடியுமோ அவ்வளவு குட்டையாக வெட்டி, வயர் நுழைகிற வாயிலேயே, ஃபியூஸுக்கு அடுத்தபடியாக வைத்துப் பற்றவைத்தேன். கால் நீளமாக இருந்தால் வெள்ளம் டயோடைத் தேடிப் போகாது, நேரே ஐசிக்குத்தான் போகும். ஈயம் ஒருபக்கமாக வழிந்தது. உறிஞ்சி எடுத்துவிட்டு மறுபடி வைத்தேன். தலை குனிந்து வேலை செய்கிறவனுக்கு ஒரு வசதி, எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்க்க வேண்டாம். அந்த வசதியில்தான் வாயைத் திறந்தேன்.

"அவன் கணக்கு சரிங்க. பதினஞ்சுன்னு எழுதி, மாத்தாதீங்கன்னு கோடு போட்டு அனுப்பியிருந்தான். மாத்துனது நான்."

சம்பந்தி என் பக்கமாகக் குனிந்தார்.

"அப்ப எதுக்கு அவர் பேர சொன்னீங்க?"

"பயந்துட்டேன்."

"எதுக்கு பயம்?"

"கடைக்கு. முப்பது வருசமா அந்த மேசையில ஒக்காந்திருக்கேன். தெரியாம செஞ்சேன்னு சொல்ல வாய் வரல."

"கடலுக்குப் போறது நானு. பயம் ஒங்களுக்கா?" என்றார். அது கேலியா கோபமா என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. அடுத்து அவரே கேட்டார். "மாப்ளைக்குத் தெரியுமா இது?"

"தெரியாது."

"பாய்க்கு?"

"தெரியாது."

"நான் போய் சொன்னா அது கோள் சொன்னதா ஆவும். நீங்கதான் சொல்லணும். பாய்க்கும் சொல்லுங்க, மாப்ளைக்கும் சொல்லுங்க. எம்பொண்ணுகிட்ட நீங்களும் சொல்ல வேணாம், நானும் சொல்லமாட்டேன். அது மாப்ள வாயால கேக்கணும். எங்க வூட்டம்மா வாய அதுக்கப்புறம் நான் பாத்துக்கறேன்." பிறகு எஞ்சினை ஓடவிட்டு, வயர்லெஸைப் போட்டுப் பார்த்தார். வேலை செய்தது. எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். தன் டீயைப் பாதியிலேயே வைத்துவிட்டு ஐஸ் பக்கம் போய்விட்டார்.

நேற்று விடியற்காலை படகு கிளம்பிவிட்டது. நாலு நாள் ஆகும் திரும்ப. உன் டயோடுமேல் எனக்குச் சந்தேகமில்லை. நான் வைத்த ஈயத்தின்மேல்தான் சந்தேகம். சோதித்தேன், இழுத்துப் பார்த்தேன், இருந்தாலும் அலை அடிக்கிற படகில் அது எப்படி நிற்கும் என்று கைக்குள்ளேயே உறுத்திக்கொண்டிருக்கிறது. காலையில் ஒருமுறை, மதியம் ஒருமுறை சம்பந்தி வீட்டுக்குப் போன் செய்து, படகிலிருந்து பேசினார்களா என்று கேட்கிறேன். "பேசுனாங்க, பேசுனாங்க," என்கிறார் உன் மாமியார். இரண்டு முறை சொன்னால் எனக்குத்தான் சரிப்படவில்லையே.

பாய்க்கு நேற்று சாயங்காலம் நேரில் போய்ச் சொன்னேன். புது டயோடும் புது ஐசியும் போட்ட பெட்டியை எடுத்துப் போனேன். முழுவதையும் கேட்டார். "அல்லாஹ் காப்பாத்துனான்," என்றார். அப்புறம், "அந்த புள்ளய நான் நாலு எடத்துல சொல்லிட்டேனே அண்ணே," என்று அவர் வருத்தப்பட்டார், ஏதோ தப்பு செய்தவர் அவர் மாதிரி. பெட்டியை வாங்கிக்கொண்டார். வழக்கமாக வாசல்வரை வருபவர் நேற்று உட்கார்ந்த இடத்திலேயே விடைகொடுத்தார். அதுவும் எனக்கு வேண்டியதுதான். திரும்பிவந்து அம்மாவிடம் சொன்னேன். அவள் கையிலிருந்த பையைக் கீழே வைத்துவிட்டு, "அந்த டிவி மாதிரியா?" என்று கேட்டாள். அவளுக்கும் தெரிந்திருக்கிறது, தம்பி. எனக்கு மட்டும்தான் அது ரகசியம்.

கல்யாணம் பண்ணிக்கொள்ளப் போகிறவனுக்கு அப்பன் நாலு நல்ல வார்த்தை எழுத வேண்டும் என்பார்கள். என்னிடம் இருப்பது ஒன்றுதான். அவளிடம் தெரியாததைத் தெரியாது என்று அன்றைக்கே சொல்லிவிடு, மாற்றியதை மாற்றினேன் என்று அன்றைக்கே சொல்லிவிடு. ஒரு வாரம் தள்ளினால் அதைச் சொல்ல உனக்குப் பஸ் பிடித்துக் கடலூர்வரை போக வேண்டியிருக்கும். உன் தரப்பை யாரும் கேட்காதபோதும் உனக்காகத் தன் அம்மாவிடம் சண்டை போட்ட பெண் அவள். அவளுக்கு இன்னும் உண்மை தெரியாது.

ஆகவே இதைப் படித்து முடித்ததும் முதலில் அவளைக் கூப்பிடு. நீ அவளிடம் பேசியபிறகுதான் நகலைச் சுவரில் ஒட்டுவேன், குழுவிலும் போடுவேன். என் அப்பாதான் மாற்றினார், பிறகு என் பேரைச் சொன்னார் என்று இரண்டையும் சொல். முதலாவதோடு நிறுத்தி என்னைக் காப்பாற்றப் பார்ப்பாய், உன்னை எனக்குத் தெரியும், அப்படிச் செய்யாதே. அவள் சாப்பிட்டாளா என்று கேள். என்னைப் பிறகு கூப்பிட்டால் போதும். இன்றைக்கே என்று இல்லை. கோபம் ஆறினபிறகு கூப்பிடு. ஆறாவிட்டாலும், திட்டவாவது கூப்பிடு. கடையில்தான் இருப்பேன், போனைச் சத்தத்தில் வைத்திருக்கிறேன்.

உன் அப்பா